காப்பு அவிழும்வரை ஒரு மண்பல்லி

சுவரில் ஓடுகிற பல்லியிடம் எனக்குப் பயம் கிடையாது. அது கத்தும், பூச்சி தின்னும், தன் பாட்டுக்குப் போகும். நான் பயந்தது வேறொரு பல்லிக்கு. அது என் விரல் நீளம்கூட இராது. அதற்குச் சுவரேறத் தெரியாது, வாயைத் திறந்து ஒரு சத்தம் போடத் தெரியாது. அந்த அற்பப் பிராணிக்கு நடுங்கி ஏழு நாள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு நாளும் என் மகளின் உசுரு அதன் கையில் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, துணிக்கு வரிசை. எங்கள் ஊர் ஆலங்குடிக்குத் தெற்கே நாலு மைல், சுற்றிலும் கடலைக் கொல்லை. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், என் மாமியார், மூன்று வயது மகள், அவ்வளவுதான். மகளுக்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமே போய்விட்டான். அதனால் இவள் தும்மினாலே எனக்குக் கை கால் ஓடாது. இரண்டாவதும் போனால் நான் கிணற்றைத்தான் தேடுவேன் என்று என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஊருக்கு மேற்கே அய்யனார் கோயில் காடு. கோயில் என்றால் கோபுரம் ஒன்றும் இல்லை. அடர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு மேடை, அதைச் சுற்றி வருஷம் வருஷமாக நேர்ந்துவிட்ட மண்குதிரைகள். காட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. ஒரு சுள்ளி, ஒரு சருகுகூட வெளியே கொண்டுவரக் கூடாது. அங்கே ஊர்கிறது, பறக்கிறது எல்லாமே அய்யனாருடையது. காட்டின் ஓரத்தில் ஒரு பட்டைக்கல் கிடக்கும். வெளியே வருகிற எவரும் அந்தக் கல்லருகில் நின்று துணியை உதறி, கொண்டுபோன ஏனத்தைக் கவிழ்த்து மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் வர வேண்டும். தெரியாமல்கூட ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த வழக்கம். கலப்பைக்கு ஆகும் என்று ஒரு கிளையை வெட்டிவந்தவனுக்கு மூன்றாம் நாள் ஏர்மாடு சுருண்டு விழுந்ததை ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன்.

அந்த வைகாசியில் குதிரை எடுப்பு வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டு. அடுத்த செவ்வாய் குதிரைகளைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போய் இறக்கினால் காப்பு அவிழும். இடையில் ஊர்க்காரர் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மண்குதிரை செய்து பூசையும் செய்கிற வேளாரைத் தவிர எவரும் காட்டுக்குள் கால் வைக்கவும் கூடாது. அதனால் காப்புக் கட்டும் முன்பே பொங்கல் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று என் மாமியார் காலையிலிருந்தே பறந்துகொண்டிருந்தார்.

பொங்கி, படைத்து, எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. வெண்கலப் பானையைக் கழுவித் தண்ணீர் வடியட்டும் என்று சருகின்மேல் ஒருக்களித்துக் கிடத்தினேன். அந்த நேரம் பார்த்து என் மகள் வேரில் தடுக்கி விழுந்து வீறிட்டாள்.

“ஏ புள்ள, அங்கிட்டு என்ன பண்ணிக்கிட்டுக் கெடக்கிற? காப்புக் கட்ட நேரமாச்சு, கெளம்பு கெளம்பு!” என்று மாமியார் முன்னால் போய்க்கொண்டே சத்தம் போட்டார்.

பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டேன். பானையைத் தட்டால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். பட்டைக்கல்லருகில் நின்று, பிள்ளையை அணைத்த கையாலேயே முந்தானையை உதறினேன். பானையைக் கவிழ்க்கவில்லை. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பானை, மூன்றாவது கைக்கு எங்கே போவேன்?

வீட்டுக்கு வந்து தட்டைத் தூக்கினால் பானைக்குள்ளே அது நிற்கிறது. பழுப்பு உடம்பு, முதுகில் இரண்டிரண்டாகக் கருத்த திட்டுகள், தடித்த வால், முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண். எங்கள் ஊரில் இதை மண்பல்லி என்போம். காட்டுச் சருகுக்கடியில் கல்லைப் புரட்டினால் இருக்கும். வீட்டுப் பல்லிக்குக் காலில் ஒட்டுகிற பட்டை உண்டு, எந்தச் சுவரிலும் ஏறும். இதற்கு வெறும் மெல்லிய விரலும் நகமும்தான். வழுவழுப்பான வெண்கலத்தில் ஏறப் பார்த்துப் பார்த்துச் சறுக்கி விழுந்துகொண்டிருந்தது.

திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பானையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அதற்குள் கொட்டுச் சத்தம் கேட்டது. காப்புக் கட்டியாயிற்று. இனி எட்டாம் நாள்தான் காட்டுக்குள் போக முடியும்.

பானையும் கையுமாக நான் நிற்கும்போது உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார். “ஏ புள்ள, இங்கிட்டு வந்து பாரு. புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது.”

பானையைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “காட்டுக்குள்ள எதையாச்சும் மிதிச்சியா? எதையாச்சும் எடுத்தாந்தியாடி?”

“இல்லீங்க அயித்தே.”

அதுதான் நான் சொன்ன முதல் பொய். ஒரு கிளைக்கே ஏர்மாடு என்றால், ஒரு உசுரைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு என்ன கேட்பார் அய்யனார்? எனக்குக் கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. பல்லியைப் பத்திரமாக வைத்திருந்து எட்டாம் நாள் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டால் என் பிள்ளை பிழைப்பாள். நடுவில் அது செத்தால் இவளும் செத்தாள். அன்றைக்கு என் புத்தியில் இது ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

அடுப்படி மூலையில் அடுக்குப் பானைகள் உண்டு. மேல் பானையில் இருந்த உளுந்தை வேறொன்றில் கொட்டிவிட்டு, அதில் ஈர மணல் போட்டேன். புளியமரத்துச் சருகு கொஞ்சம், ஒளிந்துகொள்ள ஒரு ஓட்டுச் சில்லு. பல்லியை அதற்குள் சாய்த்துவிட்டு, பாலில் பிசைந்த சோறு ஒரு உருண்டை வைத்தேன். ஆமாம், பல்லிக்குப் பால்சோறு! பயத்தில் அவ்வளவு அறிவாளியாக இருந்தேன். காலையில் பார்த்தால் சோற்றில் எறும்பு மொய்த்துக் கிடக்கிறது, பல்லியைக் காணோம். பதறிப்போய்ச் சில்லைத் தூக்கினால் அடியில் சுருண்டு படுத்திருந்தது.

புதன்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. வேர்த்து விட்டுவிட்டது. நான் எருமுட்டை அடுக்கைப் புரட்டிக் கரையான் பொறுக்கினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் பானைக்குள் நாலைந்தைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். சில்லுக்கடியிலிருந்து தலை வந்தது. பிறகு உடம்பு. வீட்டுப் பல்லி மாதிரி வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகவில்லை. நாலு காலையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, பூனைக்குட்டி போல மெல்ல அடிவைத்து நடந்தது. கரையானுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்று வாலை மட்டும் அசைத்தது. அடுத்த கணம் கரையானைக் காணோம். அதற்குக் கண்ணிமை கிடையாது போல. நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொண்டது. சில்லின்மேல் நான் தெளித்த தண்ணீரையும் அதே நாக்கால் சொட்டுச் சொட்டாக நக்கியது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. உள்ளே என் மகளும் அன்றைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைக்குக் குளிர் வந்தது. மூன்று போர்வை போட்டும் பல் கிட்டியது. அது அடங்கியதும் காய்ச்சல் ஏறியது. மாமியார் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார், வேளாரிடமிருந்து திருநீறு வாங்கிவந்து பூசினார். நான் அடுப்படிக்கு ஓடினேன். பானைக்குள் பல்லி சாம்பல் நிறமாகிக் கிடந்தது. முதுகுத் திட்டுகள் ஒன்றும் தெரியவில்லை, கண்கூட மங்கியிருந்தது, மூக்கருகில் தோல் பிரிந்து தொங்கியது. உயிரோடு அழுகுகிறது என்றுதான் நினைத்தேன். என் பிள்ளையின் உதட்டிலும் அன்றைக்குத் தோல் உரிந்திருந்தது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன், மாமியாருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று.

இருட்டுகிற நேரத்தில் எழுந்து பார்த்தால் அது தன் தோலைத் தானே வாயால் கவ்வி, கையிலிருந்து ரவிக்கையைக் கழற்றுவது போல இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்ததை அப்படியே விழுங்கியும் விட்டது. வெள்ளிக்கிழமை காலையில் புத்தம் புதுசாக, திட்டெல்லாம் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. என் மகளும் எழுந்து உட்கார்ந்து, “ஆத்தா, கடலை” என்று கை நீட்டினாள். அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. இது தோலுரித்தால் அவளுக்குக் குளிர், இது தெளிந்தால் அவள் தெளிகிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற முறைக்காய்ச்சலை அந்தப் பக்கத்தில் யார்தான் பார்த்ததில்லை? எனக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் அந்தப் பானைக்குமுன் மறந்துபோயிற்று.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல எனக்கு இப்போதும் நாக்குக் கூசுகிறது. காய்ச்சல் ஏறி, பிள்ளையின் கண் மேலே செருகியது. மாமியார் அவளை மடியில் போட்டுக்கொண்டு, “அய்யனாரப்பா, என்ன குத்தமிருந்தாலும் எங்களப் பாத்துக் கேளு, பச்சப்புள்ளய விட்டுரு” என்று புலம்பினார். அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பானைக்குள் கையை விட்டேன். அதற்கு உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத்தான் போனேன். அவசரத்தில் பிடி இறுகிவிட்டது. பல்லி நழுவி மணலில் விழுந்தது, வால் என் விரலிடுக்கில் நின்றது. நின்றால் போதாதா? அது துள்ளியது. தரையில் போட்டேன், அங்கேயும் நெளிந்து நெளிந்து துடித்தது. அதே நேரம் உள்ளே, “ஐயையோ, புள்ளைக்கு இழுக்குதே!” என்று மாமியார் அலறினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மகளின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் என் கையாலேயே அவளை முறித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இழுப்பு நின்று அவள் அசந்து தூங்கிய பிறகு என் வீட்டுக்காரர் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். அவர் குதிரை தூக்குவதாக நேர்ந்துகொண்டு கையில் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர் எல்லை தாண்டினால் நேர்த்தியே கெட்டுவிடும், ஊரில் தலைகாட்ட முடியாது.

“ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்” என்றார். “ஊரு என்ன சொன்னாலும் சொல்லட்டும். காப்ப நான் அறுத்துடறேன்.”

“வேணாங்க” என்றேன் நான்.

“ஏன்?”

“செவ்வாக்கிழமை சரியாப் போயிரும்ங்க.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்ங்க. செவ்வாக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் ஏதோ வேண்டுதல் செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மேலே கேட்கவில்லை. காப்பை அறுக்கத் துணிந்த மனிதனைத் தடுத்தது ஊரும் இல்லை, அய்யனாரும் இல்லை, நான்தான். இதைச் சொல்லும்போதே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை வால் இல்லாத பல்லி கரையான் தின்றது. பிள்ளை இரண்டு மடக்குக் கஞ்சி குடித்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை, கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. பானையைத்தான் பார்த்தேன். இன்னும் இரண்டே நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் கோடை மழை கொட்டி, காற்று ஜில்லிட்டுப் போயிற்று.

திங்கட்கிழமை காலையிலேயே பிள்ளைக்குக் குளிர் தொடங்கிவிட்டது. பானைக்குள் பார்த்தால் பல்லி அசையவில்லை. தொட்டேன், சில்லென்று இருந்தது, ஒரு காலை மட்டும் இழுத்துக்கொண்டது. இதற்கும் குளிர் என்று முடிவு கட்டினேன். பிள்ளையைப் போர்வையில் சுற்றினேன். பல்லிப் பானையை அடுக்கிலிருந்து இறக்கி அடுப்போரமாக வைத்து, வாயைச் சாக்குத் துண்டால் மூடினேன். அவளுக்குச் செய்த வைத்தியத்தையே அதற்கும் செய்தேன். பகலெல்லாம் கல்லுக்கடியில், ஈரத்தில், குளுமையில் கிடக்கிற பிராணி அது. நெருப்புப் பக்கத்தில் வைத்தால் என்னாகும் என்று எனக்கு உறைக்கவில்லை. உலை வைத்தேன், கஷாயம் கொதிக்கவைத்தேன், ஒத்தடத்துக்குத் தவிடு வறுத்தேன். அன்றைக்கு அடுப்பு அணையவே இல்லை.

உச்சிவேளையில் சாக்கைத் தூக்கினேன். அடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்து மணல் காய்ந்து சுட்டது. பல்லி எதிர்ப்பக்கத்து ஓரத்தில், பானைச் சுவரில் முன்காலை வைத்தபடி கிடந்தது. ஏறப் பார்த்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தண்ணீர் தெளித்தேன், ஊதினேன், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். செத்துப் போயிருந்தது.

கத்தி அழுதிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. ஏழு நாளாக எதை நினைத்து நடுங்கினேனோ அது நடந்துவிட்டது. இனி என் பிள்ளை போகப்போகிறாள், அதை அய்யனாரே வந்தாலும் மாற்ற முடியாது. அப்படியானால் இனி நான் எதற்குப் பயப்பட வேண்டும்? யார் எல்லையைத் தாண்டினால் எனக்கென்ன? சாகட்டும், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று ஒரு வெறி வந்தது. பல்லியைப் பானைக்குள்ளேயே போட்டு மூடிவிட்டு, பிள்ளையைப் போர்வையோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் குதிரை அலங்காரத்துக்கு வேளார் வீட்டுக்குப் போயிருந்தார். அவருக்குச் சொல்லியனுப்பக்கூட நான் நிற்கவில்லை.

மாமியார் வாசலை மறித்தார். “எங்கடி போற? நாளைக்குக் குதிரை எடுப்பு. எல்லை தாண்டுனா குடும்பம் வெளங்காதுடி!”

“நான் தாண்டிட்டேன் அயித்தே. செவ்வாக்கிழமையே தாண்டிட்டேன். வழிய விடுங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒதுங்கிவிட்டார்.

நாலு மைல். நெருப்பை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டது போலச் சுட்டாள். எல்லைக்கல்லைத் தாண்டும்போது ஒரு தடவை கால் பின்னியது. திரும்பிப் பார்க்கவில்லை. பாதி வழியில், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடவிட்ட பஸ் ஒன்று மேடேற முடியாமல் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். “ஏறிக்க ஆத்தா, இந்தா கெளம்பிரும்” என்று யாரோ சொன்னார்கள். அது கிளம்புகிற வரைக்கும் நிற்க என்னால் முடியவில்லை. “பாப்பா, ஆத்தாளப் பாரு, கண்ணத் தொறடி” என்று அவளிடம் பேசிக்கொண்டே நடந்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த உடனே ஊசி போட்டார். முறைக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து அந்தச் சண்டைக் காலத்தில் குதிரைக்கொம்பு. அன்றைக்கு அங்கே இருந்தது, அது என் பிள்ளையின் அதிர்ஷ்டம். ஊசி போட்டு முடித்து டாக்டர் நகர்ந்ததும் கம்பவுண்டர் என் பக்கம் திரும்பினார். பெரிய மனுசர், நெற்றியில் பட்டை.

“எத்தனை நாளாக் காய்ச்சல்?”

“ஏழு நாளுங்க.”

“ஏழு நாளா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தே? இன்னைக்கு ஒரு ராத்திரி வீட்டுல போட்டிருந்தா நாளைக்குப் பொணத்தத்தான் தூக்கியிருப்பே. ஏன் கொண்டாரல?”

என்ன சொல்வேன்? பல்லி வளர்த்துக்கொண்டிருந்தேன் என்றா? “திருவிழாங்க, காப்புக் கட்டியிருக்கு” என்று முணுமுணுத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அந்த ராத்திரி அவள் சாகவில்லை. செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊரில் குதிரைகள் காட்டுக்குப் போன அதே நேரத்தில், கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். காப்பு அவிழ்ந்த கையோடு என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மூவரும் வீடு திரும்பினோம். மாமியார் பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, “எல்லை தாண்டுனவ குளிச்சிட்டு உள்ள வா” என்றார். அதோடு அவர் கோபம் முடிந்தது.

குளித்த ஈரத்தோடு அடுப்படிக்குப் போனேன். பானை வைத்த இடத்திலேயே இருந்தது. பல்லியை எறும்பு தின்று தோலும் எலும்பும்தான் மிச்சம். மணலைக் கொட்டிவிடலாம் என்று ஓட்டுச் சில்லை எடுத்தேன். அடுப்புக்கு எட்டாத பக்கத்தில், இன்னும் ஈரம் காயாத மணலுக்குள் இரண்டு முட்டைகள். சுண்டைக்காய் பருமன், வெள்ளை. எந்த நாளில் இட்டதோ எனக்குத் தெரியாது. நான் அதன் வாலை முறித்தபோதுகூட வயிற்றில் முட்டை இருந்திருக்கலாம்.

இந்த இரண்டும் அய்யனாருடையதுதானே. இனி ஒளிக்க என்னிடம் தெம்பில்லை. பானையை அப்படியே தூக்கிக்கொண்டு வேளார் வீட்டுக்குப் போனேன். அவர் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கவிழ்க்காத பானையிலிருந்து அடுப்போரம் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, “அய்யா, அய்யனாரு எம்புள்ளைய விட்டுருவாரா?” என்று கேட்டேன்.

வேளார் கழுவுவதை நிறுத்திவிட்டு எழுந்தார். பிறகு கோபமாகத்தான் பேசினார். “ஏந்தாயி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அந்த ஏழு நாளும் காலையில சாயந்தரம் நான் காட்டுக்குள்ள பூசைக்குப் போயிக்கிட்டுத்தான இருந்தேன்? எங்கிட்டக் குடுத்திருந்தா மொத நாளே கொண்டுபோயி விட்டிருப்பேனே!”

வேளாரைத் தவிர எவரும் போகக் கூடாது என்பது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். வியாழக்கிழமை என் மாமியார் திருநீறு வாங்கிவந்தது இவரிடம்தான். நாலு வீடு தள்ளி இருக்கிற மனிதரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பல்லி காட்டுக்குப் போயிருக்கும், பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். பயந்தவளுக்குக் கண் இருந்தும் தெரியாது.

அவர் முட்டைகளைத் திருப்பாமல், கிடந்த வாக்கிலேயே எடுத்து ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒன்று ஒரு பக்கம் குழிந்து கருத்திருந்தது. இன்னொன்றின் உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தது. “இதுல உசுரு இருக்கு. மண்ணு வெட்டையில நான் நெறையப் பாத்திருக்கேன், பொரட்டிப்புட்டா வீணாப்போகும்” என்றார். அன்று சாயங்காலமே இருவரும் காட்டுக்குள் போய், நான் பானையைக் கிடத்தியிருந்த இடத்தில், ஒரு கல்லுக்கடியில், ஈரமண்ணில் அந்த முட்டையை வைத்துச் சருகை மூடினோம். வெளியே வரும்போது பட்டைக்கல்லில் அந்த மண்பானையைக் கவிழ்த்து மூன்று தட்டுத் தட்டினேன். நான் தட்டிய வேகத்தில் அது உடைந்தே போயிற்று.

அந்தக் கல்லை நான் பிறகு ஒரு நாளும் புரட்டிப் பார்க்கவில்லை. பயம்தான். ஆனால் காட்டுக்குள் போகும்போதெல்லாம் பொழுது சாய்கிற வரைக்கும் நின்று தரையையே பார்ப்பேன். சருகு மக்கிக் கிடக்கிற இடத்தில் மண்பல்லி உண்டு, கூட்டிப் பெருக்கிய இடத்தில் இல்லை என்று பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பின்னாளில் வயலுக்கு எருவாகும் என்று காட்டுச் சருகை வண்டி வண்டியாக அள்ள ஆண்கள் கூடிப் பேசியபோது, நடுவில் போய் நின்று, “ஒரு சருகத் தொட்டுப் பாருங்க, அப்பறம் இருக்கு” என்று கத்தியவள் நான்தான். கொஞ்ச நாள் எனக்குப் பல்லி ஆத்தா என்று பட்டப்பெயர்கூட இருந்தது. வைத்துக்கொள்ளட்டும். காட்டின் கிழக்குப் பக்கத்தை என்னால் காப்பாற்ற முடியவில்லை, மரங்களை வெட்டி முந்திரி வைத்துவிட்டார்கள். அங்கே ஒரு மண்பல்லிகூட இப்போது இல்லை. மேற்குப் பக்கமும் எத்தனை நாளோ என்று நினைத்தால் அந்தப் பழைய நடுக்கம் வந்துவிடுகிறது.

என் மகளிடம் நெடுநாள் வரைக்கும் இதை நான் சொன்னதில்லை. அவளுக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, தலையும் நரைத்துவிட்டது. போன வருஷம் பொங்கல் வைக்க அவளோடு காட்டுக்குப் போனேன். பானையைக் கவிழ்க்காமல் அவள் நடையைக் கட்டியதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பயந்துபோய், “ஒரு பானைக்கு எதுக்கு ஆத்தா இந்தப் பாடு?” என்றாள். அங்கேயே பட்டைக்கல்லில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். பால்சோற்றுக்குச் சிரித்தாள். வாலுக்கு முகம் சுளித்தாள். அவள் அப்பா காப்பை அறுக்க வந்ததையும் நான் வேண்டாமென்றதையும் சொன்னபோது சிரிப்பு நின்றது.

“ஏன் ஆத்தா, அந்தப் பல்லி திங்கக்கெழமை சாகாம இருந்திருந்தா?” என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அது உயிரோடு இருந்திருந்தால் நான் அந்தப் பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவள் உள்ளே செத்துக்கொண்டிருந்திருப்பாள். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருஷமாக அவளிடம் சொல்லாமல் இருந்தேன்.